புரோமோவில் வந்த வளைகாப்பு

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். நம்ம சீரியலில் கதை எழுதியவர் செய்த பெரிய ஏமாற்று வேலை எது என்று. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஏழு வருடம் ஓடி, போன வருடம் முடிந்துபோன ஒரு சீரியலை இன்னும் விட மனசில்லாத பெண்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. வேலையில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பதில்கள் வந்து குவிந்தன. ஆற்றில் மூழ்கிச் செத்தவன் ஆறு மாதம் கழித்துத் தன் தம்பியாகவே திரும்பி வந்ததை ஒருத்தி எழுதினாள். பட்டுச்சேலையும் ஒட்டியாணமும் போட்டபடியே படுத்துத் தூங்கும் வில்லி மாமியாரை இன்னொருத்தி எழுதினாள். திங்கட்கிழமை நீட்டிய துப்பாக்கி வியாழக்கிழமைதான் வெடித்தது என்று ஒருத்தி. வக்கீலாக நடித்தவர் மாறியபோது, இனி இவருக்குப் பதில் இவர் என்று ஒரு வரி போட்டு வேறு ஆளைக் கொண்டுவந்ததை ஒருத்தி. அதற்கெல்லாம் நானும் சிரித்தேன். கடைசியில் யாரோ “கனவு வளைகாப்பு” என்று மட்டும் எழுதினார்கள். உடனே எல்லாரும் அதுதான் அதுதான் என்று சிரிக்கிற முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள்.

நான் ஏதோ எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். அந்த வளைகாப்பில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. என் அக்காவுக்கும் அவள் பெற்ற ஒரே மகளுக்கும் நடுவே மிச்சமிருந்த கதவு அதனால்தான் சாத்திக்கொண்டது. அந்தக் கதவைச் சாத்தியதில் என் கையும் உண்டு.

எனக்கு வாடிப்பட்டி. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவி முடிக்க ஒரு மணி தாண்டிவிடும். அண்டாவைக் கவிழ்த்ததும் பள்ளிக்கு எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அக்காவுக்கு உசிலம்பட்டி. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். வானம் பார்த்த பூமி இரண்டு ஏக்கரையும் இரண்டு கறவை மாடுகளையும் வைத்து மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தவள் அவள். அவளும் அந்த நேரத்துக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு டிவி முன்னால் வந்துவிடுவாள். இரண்டு மணிக்கு சீரியல் முடிந்ததும் எனக்குப் போன் வரும்.

சீரியலை அவள் நாடகம் என்றுதான் சொல்வாள். அதில் வருவதும் புருசன் இல்லாத ஒரு தாய், ஒரே மகள். அந்தத் தாய் மாவு மில் ஓட்டி மகளைப் படிக்க வைக்கிறாள். “இது என் கதைடி. எவனோ உசிலம்பட்டிக்கு வந்து விசாரிச்சு எழுதிருக்கான்” என்பாள் அக்கா. வசனத்தில் ஒரு வார்த்தை பிசகினாலும் விடமாட்டாள். மில்லுக்காரி கையில் மாவு ஒட்டாமல் இருந்தால் அன்றைக்கு எனக்கு அரைமணி நேரம் பாட்டு விழும். எழுதியவருக்கு அக்கா அளவுக்கு அந்தக் கதையில் அக்கறை இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது வருடம் சீரியலில் அந்த மகள் வேறு சாதி ஆட்களில் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். தாய், முகத்தில் அடித்தமாதிரி கதவைச் சாத்தினாள். அன்றைக்குக் கோடை விடுமுறை. நானும் உசிலம்பட்டியில் இருந்தேன். அக்கா மகள் மதுரையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா டிவியைப் பார்த்துத் திட்டினாள். “கல்லு நெஞ்சுக்காரி. பெத்த புள்ளைய இப்படியா வாசல்ல நிறுத்துறது? பய நல்லவனா கெட்டவனான்னு பாக்கணுமா, என்ன ஆளுன்னு பாக்கணுமா?”

அக்கா மகள் மடித்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்துவிட்டது. நாடகத்தைப் பார்த்து அழுகிறவர்கள் வீட்டிலும் அப்படியே இருப்பார்கள் என்று நம்பிவிட்டாள், பைத்தியக்காரப் பிள்ளை. ஒரு மாதம் கழித்து, தன் கூடவே வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி அம்மாவிடம் சொன்னாள்.

அக்கா கேட்ட முதல் கேள்வி, “அவன் என்ன ஆளு?”

பையன் கிறிஸ்தவன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர், தங்கமான குடும்பம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. கார்த்திகை மாதத்தில் அவர்களாகவே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு மாலையோடு வந்து வாசலில் நின்றார்கள். அக்கா கதவைச் சாத்தினாள். மறுநாள் இரண்டு மணிக்கு வழக்கம்போல எனக்குப் போன் வந்தது. மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அந்த மில்லுக்காரி சாத்துனது சரிதான்டி. பெத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு லீவில் நேரில் போய், கோவிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். எங்கள் பக்கம் ஒரு காரியம் முடிவுக்கு வராவிட்டால் குலசாமி முன்னால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சாமி என்ன பூ கொடுக்கிறதோ அதுதான் தீர்ப்பு. அப்புறம் மறுபேச்சு கிடையாது. வெள்ளைப் பூ வந்தால் மகளைச் சேர்த்துக்கொள் என்றேன்.

அக்கா யோசித்தாள். “சாமி வெள்ளப் பூவக் குடுத்துட்டா மாட்டேன்னு சொல்ல முடியாது. சாமிய இதுல இழுக்காத” என்றாள். அப்போது டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நோக்கிக் கையைக் காட்டினாள். “இந்தா, இவ என்னைக்குத் தன் மகளச் சேத்துக்கிறாளோ அன்னைக்கு நானும் சேத்துக்கிறேன். போதுமா? என்னைய விடு.”

எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. பூக்கட்டினால் பாதிக்குப் பாதி. சீரியல் எழுதுகிறவர் தாயையும் மகளையும் சேர்த்துவைக்காமல் எங்கே போய்விடுவார்? இன்றைக்கு இல்லாவிட்டால் பொங்கல் சிறப்புப் பகுதியில் சேர்த்துவைப்பார். சாமியை விட இது நிச்சயம் என்று நான் நினைத்தேன். இப்படி நினைத்த முட்டாள் மதுரை ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதிலிருந்து எங்கள் இரண்டு மணிப் பேச்சு மாறிப்போனது. “இன்னைக்கு அவ முகம் கொஞ்சம் எளகுச்சுல்லக்கா?” என்று நான் ஆரம்பிப்பேன். “எளகல, கண்ணுல தூசி விழுந்த மாதிரி பாத்தா” என்பாள் அவள். மில்லுக்காரி மகளுடைய பழைய கொலுசை எடுத்துப் பார்த்த அன்று அக்கா மறுபடி மறுபடி அந்தக் கொலுசைப் பற்றியே பேசினாள். இந்தப் பந்தயம் பற்றி அக்கா மகளிடம் நான் மூச்சு விடவில்லை. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறாள், பொறுத்திரு என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்த எழுத்தாளர் இழுத்த இழுப்பில் வருடங்கள் போயின. சேர்கிற நேரம் பார்த்து ஒரு கடத்தல் வரும், ஒரு கோர்ட்டு கேஸ் வரும், செத்தவன் தம்பியாக வருவான். நான் எதிர்வீட்டில் உட்கார்ந்து அந்த மனுசனை வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

ஐந்தாவது வருடம் அக்கா மகள் உண்டானாள். சீரியலில் வரும் மகளும் அதே சமயத்தில் உண்டாகியிருந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. இருவருக்கும் ஏழாம் மாதம் தொடங்கியது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை புரோமோ போட்டார்கள். மில்லுக்காரி பட்டுச்சேலை கட்டி, தட்டு நிறைய வளையலோடு மகள் வீட்டுப் படியேறுகிறாள். மகள் “அம்மா” என்று ஓடி வருகிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பாருங்கள் என்றார்கள்.

அன்றைக்குப் போன் எடுத்ததும் அக்கா புரோமோவைக் குறைதான் சொன்னாள். “புருசன் இல்லாதவ வளையத் தட்டத் தூக்கிக்கிட்டு முன்னால போறா பாரு. பட்டுச்சேல வேற. எழுதுறவனுக்கு அம்புட்டுதான் வெவரம்.” குரலில் வழக்கமான காரம் இல்லை.

புதன்கிழமை காலையில் மறுபடி கூப்பிட்டாள். “மதுரைக்கு வாரியா?” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு வளையல் கடையில் போய் உட்கார்ந்தோம். பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல். கடைக்காரர் சைஸ் கேட்டார். “ரெண்டு நாலு” என்று அக்கா உடனே சொன்னாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “அண்ணே, ரெண்டு ஆறுலயும் ஒரு செட்டுக் குடுங்க. மாசமா இருக்கவளுக்குக் கை வீங்கியிருக்கும்” என்றாள். ஒவ்வொரு வளையலையும் எடுத்து ஓரத்தை விரலால் தடவி, சொரசொரப்பு இருந்ததை ஒதுக்கினாள். மூன்று வருடமாகப் பெயரைக்கூட உச்சரிக்காத மகளுக்கு. திரும்பும்போது அவளை விட்டுவர நானும் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, “ஞாயித்துக்கிழம போவோம். நீ முன்னால போயி வளையப் போட்டு விடு. நா பின்னால நிக்கிறேன். எனக்கு அது ஆகாது” என்றாள். செக்கானூரணி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுவதைப் பார்த்தால் திட்டுவாள்.

வாடிப்பட்டி வந்ததும் நான் செய்த வேலைதான் இதில் பெரிய தப்பு. வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அக்கா மகளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய மாமியார் வியாழக்கிழமையே ஜெபம் வைத்து வளையல் போடுவதாக இருந்தாராம். எங்கம்மா வாராங்க என்று சொல்லி அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள். “நெசமாவா சித்தி?” என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சத்தியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி. மில்லுக்காரி படியேறினாள். மகள் ஓடி வந்தாள். சந்தனம் பூசினாள், வளையல் போட்டாள், கன்னத்தைத் தடவினாள். எதிர்வீட்டு அம்மாவும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். திரை வெளுத்தது. மில்லுக்காரி கட்டிலில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவும் கனவு.

குழுவில் இப்போது பேசிக்கொள்கிறார்கள், அது கனவுதான் என்று அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டுமாம். புருசன் இல்லாதவள் பட்டுச்சேலை கட்டி வளையல் தட்டைத் தூக்கும்போதே தெரியவில்லையா என்கிறார்கள். எழுதியவர் விவரமானவர்தான் என்று ஒருத்தி பாராட்டியும் இருந்தாள். என் அக்கா செவ்வாய்க்கிழமையே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆசை கண்ணை மறைத்ததால் எழுதுகிறவனுக்கு விவரம் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று இரண்டு மணிக்குப் போன் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

“கனவா இருந்தா என்னக்கா? அவ மனசுல ஆச இருக்கப்போயிதான கனவு வருது” என்றேன்.

“அவ போகல” என்றாள் அக்கா.

“வளையல் வாங்கிட்டோமேக்கா. புள்ள காத்துக்கிட்டு இருக்கு.”

“அவ போகல. நானும் போகல. கனவுல சோறு தின்னா வயிறு நெறையுமா? வையி போன.”

சனிக்கிழமை நேரில் போனேன். பீரோ பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப்பார்த்தார்கள். அவள் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போய்விட்டாள். எனக்குத் தெரியும், இது பந்தயத்தில் கொண்ட பிடிவாதம் மட்டும் இல்லை. போவதற்கு அவளுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்தச் சாக்கைக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டார்கள். வெட்கமாகிவிட்டது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மதுரைக்குப் போனேன். அக்கா மகள் பச்சைச் சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் ஐந்து வகைச் சோறும் ஆக்கி வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

“அம்மா பின்னால வாராங்களா சித்தி?”

அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மாமியார் வாங்கி வைத்திருந்த வளையலை எடுத்து நான்தான் முதலில் போட்டுவிட்டேன். அதில் இரண்டு நாலு மட்டும் அவளுக்கு ஏறவில்லை. கை வீங்கித்தான் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. நான் சொன்னேன், அக்கா கேட்டுக்கொண்டாள். எந்த நிறம், யார் ஜாடை என்று ஒன்றும் கேட்கவில்லை. சீரியல் இன்னும் இரண்டு வருடம் ஓடியது. அதற்குள் மகளாக நடித்த பெண் வேறு சேனலுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதில் இவர் என்று ஒரு வரி போட்டிருந்தால்கூடப் போதும். வக்கீலுக்குப் போட்டார்கள், மகளுக்குப் போடவில்லை. ஒரே நாளில், ஆளைக்கூடக் காட்டாமல், லாரி மோதிவிட்டது என்று போனில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் சுவரில் மாலை போட்ட படம். மில்லுக்காரி இரண்டு வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் சீரியலை முடித்துவிட்டார்கள்.

நான் அக்காவைக் கூப்பிட்டேன். “இப்ப என்ன செய்யப்போற?”

“செத்தவள எப்படிடி சேத்துக்க முடியும்?”

“உன் மக சாகலக்கா. மதுரையிலதான் இருக்கா. பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள், பழைய பழக்கமாக இரண்டு மணிக்கே, அவளாகக் கூப்பிட்டாள். மழை தண்ணி எப்படி, மாடு சினையா என்று என்னென்னவோ பேசிவிட்டு, “அவளுக்கு இஷ்டம்னா வரட்டும். நா ஒன்னும் சொல்லல” என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு ஏழு வருட சீரியல் முழுசாக முடிய வேண்டியிருந்தது.

நான் அன்றைக்கே மதுரைக்கு ஓடினேன். சந்தோசத்தில் எனக்கு எப்போதும் வாய் நிற்காது. அம்மா கூப்பிடுகிறாள் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா மனசு எவ்வளவு தவித்தது என்று காட்டுவதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூக்கட்டச் சொன்னது, அக்கா டிவியைக் காட்டிப் பந்தயம் வைத்தது, புரோமோ, வளையல், கனவு, பீரோ சாவி. அவள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டாள். சீவி முடித்து, ரப்பர் பேண்டு போட்டு, குழந்தையை மாமியாரிடம் அனுப்பினாள்.

“அப்ப அன்னைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல” என்றாள்.

நான் தரையில் கிடந்த சீப்பை எடுத்து வைத்தேன்.

“அம்மா என்னைய வாசல்ல நிறுத்துனது ஆறிப்போச்சு சித்தி. கோவம் எல்லாருக்கும் வரும். ஆனா நா வேணுமா வேணாமான்னு நாடகத்தப் பாத்து முடிவு பண்ணிருக்காங்க. நீங்களும் அத நம்பி என்னைய அம்புட்டுப் பேரு முன்னாடி சேலையக் கட்டிக்கிட்டு உக்கார வச்சீங்க.” அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். “இனிமே இதப் பத்திப் பேச வேணாம். நீங்க வாங்க, சாப்பிடுங்க, போங்க. அம்மா பேச்சு மட்டும் வேணாம்.”

அதற்குப் பிறகு நான் மூன்று தடவை அந்தப் பேச்சை எடுத்தேன். மூன்றாவது தடவையோடு என் போனை எடுப்பதையும் விட்டுவிட்டாள். வருகிற ஜூனில் குழந்தையை எல்கேஜியில் சேர்க்கப்போவதாக அவள் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்காவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். அப்புறம் குழந்தைக்குச் சளி என்றேன். அப்புறம் பரீட்சை நேரம் என்றேன். முதலில் எல்லாம் “என்னைக்கு வாராளாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது கேட்பதில்லை. அன்றைக்கு மகளிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னதை நானே அவளிடம் சொல்லியிருந்தேன், அதே வாய்தானே இது என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

போன மாதம் உசிலம்பட்டிக்குப் போயிருந்தேன். மாடுகளை விற்றுவிட்டாள், முழங்கால் முடியவில்லை. கட்டிலில் சாய்ந்து செல்போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒன்றரை மணி. அந்தச் சீரியலின் பழைய பகுதிகள் எல்லாம் யூடியூப்பில் கிடக்கின்றன. எட்டிப் பார்த்தேன். மில்லுக்காரி பட்டுச்சேலையில் படியேறிக்கொண்டிருந்தாள்.

நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மகள் ஓடி வந்தாள். சந்தனம் பூசியாயிற்று. பச்சை, சிவப்பு, பச்சை என்று வளையல் ஏறியது. தாய் மகளின் கன்னத்தைத் தடவக் கையை நீட்டினாள். தடவி முடித்த நொடியில் அக்கா பெருவிரலை வைத்து நிறுத்தினாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று விரலுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

“ஏன்க்கா நிப்பாட்டிட்ட?” என்றேன்.

“இதுக்கு மேல அவ முழிச்சுக்குவாடி” என்றாள். மறுபடி படியேறுகிற இடத்துக்கு இழுத்து ஓடவிட்டாள்.